டெய்சி சிஸ்டரின் ஸ்கூட்டர் விட்ட புகை

டெய்சி சிஸ்டர் ஒரு வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போனால், அவள் போய் வெகு நேரம் ஆன பிறகும் அவளுடைய ஸ்கூட்டரின் புகை அந்தத் தெருவிலேயே நிற்கும். நீல நிறத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் சன்னல் உயரத்துக்கு, கிளம்ப மனமில்லாத விருந்தாளியைப் போல அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். துவைத்துக் காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடும் பெண்கள் அவளைத் திட்ட வாயெடுத்து, நாளைக்குத் தங்கள் வீட்டிலும் யாருக்காவது ஊசி தேவைப்படும் என்பது நினைவுக்கு வந்து, ஸ்கூட்டரை மட்டும் திட்டுவார்கள்.

மாரிகுப்பத்தில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் மரியகுழந்தைக் கிழவர் மட்டும் குறை சொல்லமாட்டார். "கொசு மருந்து அடிக்கிறவன் எப்பனா ஒரு வாட்டி வரான். நீ தெனம் வர்ற சிஸ்டர். இதுக்கும் சேத்து பீஸ் வாங்கிக்க" என்பார்.

டெய்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். சுரங்கம் மூடியது, ஆஸ்பத்திரியும் ஒடுங்கிப்போனது. ஆனால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவர்களும், படுக்கையோடு கிடப்பவர்களும், கை நடுங்கித் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாதவர்களும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. அவர்கள் அவளைத் தேடி வர முடியாததால் அவள் அவர்களைத் தேடிப் போனாள். அவள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் பகுதியில் தொடங்கி நந்திதுர்க் பக்கம் சுற்றி மாரிகுப்பத்தில் முடியும் ஒரு வட்டம். முதலில் நடந்தாள். முழங்கால் தகராறு செய்யவே, நாற்பதைத் தாண்டிய வயதில் கணவர் லாய்டின் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரை ஓட்டக் கற்றுக்கொண்டாள். சாய்த்து உதைத்தால் கிளம்பும், இடது கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்ற வேண்டிய, அந்தக் காலத்து இரும்பு உடம்பு வண்டி.

வேறு வண்டி அவளுக்கு வராது. முயற்சி செய்யாமல் இல்லை. கியர் இல்லாத புது ஸ்கூட்டர் ஒன்றை ஓட்டிப் பார்க்கச் சொல்லி மகன் கொண்டு வந்தபோது, பழக்க தோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது கையால் பிரேக்கைப் பிடித்து, பயத்தில் வலது கையை முறுக்கி, சர்ச் காம்பவுண்டுக்குள் நுழைந்து, கல்யாணத்துக்குப் போட்டிருந்த ஷாமியானாவின் ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டாள். பெண் வீட்டார் பெரிய மனதோடு மன்னித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பேசுவதில்லை.

அந்த மகன்தான் இப்போதைய சங்கடத்துக்கும் காரணம். ஜெயகரன் பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறான். நல்ல பிள்ளை. அம்மா இந்த வயதில் மேடு பள்ளமான ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனில் இதே பேச்சு. ஒரு ஞாயிறு, அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்த அவசரத்தில், டெய்சி வாயைக் கொடுத்துவிட்டாள்.

"சரிடா, வண்டி ஓடுற வரிக்கும் நான் இங்க. வண்டி நின்னுச்சின்னா நானும் டாடியும் அங்க. போதுமா?"

"ப்ராமிஸா மம்மி?"

"ப்ராமிஸு. போன வையி."

ஸ்கூட்டர் நிற்காது என்று அவள் நம்பினாள். அதன் ஆர்.சி. இந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்பதை அவள் மறந்திருந்தாள். ஜெயகரன் மறக்கவில்லை. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் புகைப் பரிசோதனையில் தேறிய சான்றிதழ் வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்த ஸ்கூட்டர் விடும் புகையும் அவனுக்குத் தெரியும். மறுவாரமே அம்மாவுக்கென்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டு, அதைப் படம் எடுத்து, ஆர்.சி. முடியும் தேதியையும் எழுதி அனுப்பினான்.

டெய்சி அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தாள். நல்ல கட்டில். சன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தான். சன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சன்னல் தெரிந்தது. அந்த உயரத்தில் யாருக்கு ஊசி போடுவது என்று யோசித்துவிட்டு, அவள் லாய்டைக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, நாளிக்கு வண்டிய எமிஷனுக்கு இட்டுனு போவணும்."

லாய்டு சுரங்கத்தில் கம்ப்ரசர் பிட்டராக இருந்தவர். பக்கத்து லைன் வீட்டில் தனியாக இருக்கும் அவருடைய அண்ணன் கிளமெண்ட், சுரங்கக் குழியான ஷாப்டில் ஆள் ஏறும் கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். மனைவியை இழந்தவர். சாப்பாடு தம்பி வீட்டில், யோசனைகளும் தம்பி வீட்டுக்கு. இரண்டு பேரும் வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஷிப்டை விடவில்லை. ஸ்கூட்டருக்கும் ஷிப்டு போட்டிருந்தார்கள். காலையில் டெய்சியின் ஊசி வட்டம், அது பர்ஸ்ட் ஷிப்டு. மத்தியானம் லாய்டு ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்கும் பெட்ரோல் பங்குக்கும் போவது செகண்ட் ஷிப்டு. சாயங்காலம் கிளமெண்ட் சர்ச்சுக்குப் போய்ப் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடிவிட்டு, அப்படியே கேரம் ஆடிவிட்டு வருவது தேர்ட் ஷிப்டு.

புகைப் பரிசோதனை வண்டி ராபர்ட்சன்பேட்டையில் ஒரு புளியமரத்தடியில் நிற்கும். பழைய வேன். உள்ளே கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி. அதை நடத்துகிறவள் ராதிகா என்ற இளம்பெண். துப்பட்டாவால் மூக்கைக் கட்டியிருந்தாள். மூன்று பெரியவர்கள் ஒரு பழைய ஸ்கூட்டரோடு வருவதைப் பார்த்ததும் அந்தக் கட்டை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டாள்.

சைலன்சருக்குள் ஒரு நீளமான குழாயைச் செருகினாள். டெய்சி வண்டியை ஸ்டார்ட் செய்தாள். புளியமரத்தில் இருந்த காக்கைகள் எழுந்து போயின.

"ஆகல்ல ஆன்ட்டி" என்றாள் ராதிகா, திரையைப் பார்த்தபடி. "சி.ஓ. பரவால்ல. ஹெச்.சி. ரொம்ப ஜாஸ்தி."

"அப்டின்னா இன்னாமா?"

"எரியாத பெட்ரோல், எரியாத ஆயில். அது அப்டியே வெளியே வருது. லிமிட்டுக்கு மேல போயிருச்சு. நான் ஒண்ணும் பண்றதுக்கு ஆகல்ல, கம்ப்யூட்டரே பெயில்னு போடும்."

கிளமெண்ட் வேனுக்குள் தலையை நீட்டினார். "அந்தக் குழாய பக்கத்து வண்டிக்கு வச்சின்னா இன்னா ஆவும்?"

"கேமரா நம்பர் பிளேட்ட பாக்குது அங்கிள்."

"நம்பர் பிளேட்டு எங்க வண்டிதுதான் இருக்கும். குழாய் மட்டும் கொஞ்சம் அந்தாண்ட போவும்."

"மாமா, பேசாம இருங்க" என்றாள் டெய்சி. கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். சர்ச்சில் பாடுகிற வாயா இது என்று கேட்க நினைத்து, சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

நேராக மெக்கானிக் நாகேஷிடம் போனார்கள். நாகேஷ் டூ-ஸ்ட்ரோக் வண்டி பார்க்கிறவர்களில் மிச்சம் இருப்பவன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். கருப்பாக, ஈரமாக, எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. அதை மூன்று பேருக்கும் நேராக நீட்டினான்.

"ஆயில் ஜாஸ்தி ஊத்துறீங்களாக்கா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலிலேயே அளவாக டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அதுதான் உள்ளே போய் பிஸ்டன் தேயாமல் காப்பாற்றும். அளவு கூடினால் புகையும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி, உப்பி, அப்படியே பிடித்துக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருமுறை அப்படிப் பிடித்துக்கொண்டது. டெய்சி ஊசிப் பெட்டியோடு நந்திதுர்க் மேட்டில் நடு ரோட்டில் நின்றாள். பங்கில் ஆயில் ஊற்ற மறந்தது யார் என்பதில் அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. லாய்டு, "நான் ஊத்துனேன்" என்றார். கிளமெண்ட், "ஊத்துனா எப்டி பிடிக்கும்?" என்றார். அண்ணனும் தம்பியும் பதினைந்து நாள் பேசவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து, "உப்ப அவங்கிட்ட தரச் சொல்லு டெய்சி" என்று அவள் வழியாகவே சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எண்ணெய் என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

பேச்சை எடுக்கவில்லையே தவிர, டெய்சி சும்மா இருந்துவிடவில்லை. நடு ரோட்டில் நின்றவள் அவள்தானே. லாய்டு பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்த மறுநாள் காலை, சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, ஊசிப் பெட்டியில் வைத்திருக்கும் சின்ன பாட்டிலிலிருந்து தன் பங்குக்கு ஒரு அளவு ஊற்றிவிடுவாள். லாய்டு ஊற்றியிருந்தால் நல்லது. மறந்திருந்தால் இதுவாவது இருக்கும்.

இப்போது நாகேஷ் கேட்டதும் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் லாய்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"அளவு மூடியில அளந்து ஊத்துறேன் நாகேஷு. ஒரு சொட்டு கூட இல்ல, ஒரு சொட்டு கொற இல்ல. கம்ப்ரசர் பாத்த கை இது."

"நீங்க?" என்று நாகேஷ் டெய்சியைப் பார்த்தான்.

டெய்சி பொய் சொல்லமாட்டாள். ஆனால் கணவரின் அண்ணனுக்கு முன்னால், கணவரை நம்பாமல் இரண்டு வருஷமாகத் திருட்டுத்தனமாக எண்ணெய் ஊற்றுகிறேன் என்று எப்படிச் சொல்வது? "அவருதான் அளந்து ஊத்துறாரே" என்றாள். அது உண்மைதான்.

கிளமெண்ட் பக்கத்து டீக்கடையின் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். நான்கு எழுத்துப் பலகை அது. வெகு நேரம் படித்தார்.

"அப்போ ஆயில் சீல் போயிருக்கும்" என்று நாகேஷ் முடிவு கட்டினான். "கியர் பாக்ஸ்ல இருக்கிற ஆயில் எஞ்சினுக்குள்ள ஏறுது. எஞ்சின இறக்கணும்."

இறக்கினான். இரண்டு நாள் டெய்சி நடந்தே ஊசி போட்டாள். மாரிகுப்பம் போய்ச் சேரும்போது வெயில் உச்சியில் இருந்தது. மரியகுழந்தைக் கிழவர் காலைச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஊசி போடாமல் சாப்பிடவும் முடியாமல், சாப்பிடாமல் இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"பெங்களூருக்கு போறியாமே" என்றார்.

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. போ, போ. புள்ள கூப்பிட்டா போவணும்." பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "அங்க இருந்து காலைல ரயிலேறி வந்து போட்டுட்டு போவ முடியாதா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. டெய்சி ஊசியைப் போட்டாள்.

நாகேஷ் புது சீல் போட்டு வண்டியைக் கொடுத்தான். லாய்டு பெட்ரோல் போட்டார். டெய்சி பழக்கப்படி மறுநாள் தன் அளவை ஊற்றினாள். கை ஒரு நொடி தயங்கியது, ஆனாலும் ஊற்றிவிட்டது. புளியமரத்தடிக்குப் போனார்கள். காக்கைகள் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே எழுந்து போயின.

"ஆகல்ல ஆன்ட்டி" என்றாள் ராதிகா.

நாகேஷுக்கு இது அவமானமாகப் போய்விட்டது. தான் கழற்றிய பழைய சீலை ஒரு காகிதத்தில் வைத்து அவர்களுக்குக் காட்டினான். அதில் ஒரு கீறல்கூட இல்லை. "நல்ல சீல கயட்டிப் போட்டுட்டேன்" என்றான். "எஞ்சின் இன்னா சொல்லுதுன்னா, எனக்குள்ள எண்ணெய் ஜாஸ்தின்னு சொல்லுது. நீங்க எல்லாரும் இல்லன்றீங்க. எஞ்சினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் யாரையும் ஒண்ணும் சொல்லலக்கா. டேங்க காலி பண்ணித் தரேன். புது பெட்ரோல் போட்டு, ஒரே ஒரு அளவு ஆயில் ஊத்தி எடுத்துனு போங்க. அப்பயும் புகைஞ்சுதுன்னா நான் கடைய மூடிட்டு ஊருக்குப் போறேன்."

மாதத்தின் கடைசி வேலை நாள் மறுநாள்தான். பகல் ஒரு மணிக்குள் சான்றிதழோடு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டியாக வேண்டும்.

அன்று மாலை டெய்சி ஜெபம் செய்யும்போது வேறு எதையும் கேட்கவில்லை. தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. லாய்டு ஒரு அளவு, தான் ஒரு அளவு, ஆக இரண்டு. அதனால்தான் இவ்வளவு புகை. நாகேஷின் எஞ்சின் தன்னைத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது. நாளைக்குத் தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். லாய்டு ஊற்றட்டும், அளந்து ஊற்றுகிற மனுஷன்.

காலையில் லாய்டு காலி டேங்கோடு வண்டியைப் பங்குக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் புது பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார். டெய்சி ஊசிப் பெட்டியைத் திறந்தாள், பாட்டிலைப் பார்த்தாள், மூடினாள். லாய்டு அவளைப் பார்த்தார். கிளமெண்ட் தன் வாசலில் நின்றபடி இருவரையும் பார்த்தார். பிறகு டெய்சி வண்டியை உதைத்தாள், லாய்டு பின்னால் ஏறினார். கிளமெண்ட் காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தார். முக்கியமான நாட்களில் தான் இல்லாமல் எதுவும் சரியாக நடக்காது என்பது அவர் எண்ணம்.

புளியமரத்தடியில் டெய்சி முறுக்கியபோது காக்கைகள் கிளையிலேயே உட்கார்ந்திருந்தன. சைலன்சரில் புகையே இல்லை. ராதிகா குழாயைச் செருகினாள், திரையைப் பார்த்தாள், ஏதோ தப்பு என்று குழாயை எடுத்துத் துடைத்து மறுபடி செருகினாள். பிறகு மூக்கில் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள்.

"பாஸ் ஆன்ட்டி. அதுவும் சும்மா பாஸ் இல்ல. இந்த மாதிரி பழைய வண்டி இவ்ளோ கம்மியா நான் பாத்ததே இல்ல. எஞ்சினே மாத்திட்டீங்களா?"

"அதே எஞ்சின்தான்" என்றார் கிளமெண்ட், தானே செய்து போட்டதுபோல.

சான்றிதழ் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது. டெய்சி அதைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ரோட்டில் போகப் போக அவளுக்கு ஏதோ உறுத்தியது. வண்டியின் சத்தம் மாறியிருந்தது. வழக்கமான கரகரப்பு போய், மெல்லிய, வறண்ட, கணீரென்ற ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் சில நோயாளிகளுக்கு ஜுரம் ஒரேயடியாக இறங்கி உடம்பு சில்லென்று ஆகும்; எல்லாரும் மகிழ்வார்கள், நர்சுகள் மட்டும் டாக்டரைக் கூப்பிட ஓடுவார்கள். அந்த மாதிரி இருந்தது.

தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு ஏறும் சரிவில் வண்டி மூச்சுத் திணறியது. வேகம் குறைந்தது. கீச்சென்று ஒரு சத்தம். டெய்சி சட்டென்று கிளட்சைப் பிடித்தாள். பின்சக்கரம் ஒரு முறை இழுத்து, விட்டது. ரோட்டோரத்தில் உருண்டு போய் நின்றார்கள்.

டெய்சி இறங்கி கிக்கரை மிதித்தாள். அது சுவரை மிதிப்பதுபோல் இருந்தது.

"பிடிச்சிக்கிச்சு" என்றாள்.

பின்னால் வந்த ஷேர் ஆட்டோ நின்றது. கிளமெண்ட் காகிதங்களோடு இறங்கினார்.

"இன்னா மே ஆச்சு?"

"பிடிச்சிக்கிச்சு மாமா." டெய்சி கணவரிடம் திரும்பினாள். "இன்னாங்க, காலைல எண்ணெ ஊத்தினீங்களா இல்லியா?"

லாய்டு வானத்தைப் பார்த்தார். சயனைடு மேட்டைப் பார்த்தார். வேறு பார்க்க ஒன்றும் அங்கே இல்லை.

"ஊத்தல."

"ஊத்தலியா?"

"நீ ஊத்துவேன்னு விட்டுட்டேன்."

"நான் ஊத்துவேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நேத்து காலைல பாத்தேன். சீட்ட தூக்கி பாட்டில்ல இருந்து ஊத்தினு இருந்த." லாய்டின் குரல் தணிந்தது. "ரெண்டு பேரும் ஊத்துறோம், அதான் புகைன்னு புரிஞ்சிச்சு. அண்ணன் எதிர்ல கேட்டா உனக்கு ஒரு மாதிரி இருக்கும். சரி, அவளே ஊத்தட்டும், நாம கைய எடுத்துடலாம்னு..."

டெய்சிக்குக் கோபமாக வந்தது, அதோடு வேறு என்னவோவும் வந்தது. இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. "நான் இன்னிக்கு தொடல. நீங்க அளந்து ஊத்துவீங்கன்னு நம்பிட்டேன்."

"இன்னிக்குத்தானா நம்பணும்?"

"ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நம்பினேன்."

இவ்வளவு நேரமும் கிளமெண்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத கிளமெண்ட் என்பது அவர்கள் பார்த்திராத ஒன்று. இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"மாமா?"

கிளமெண்ட் காகிதங்களைத் தட்டிச் சரி செய்தார். "நானும் இன்னிக்கு ஊத்தல" என்றார்.

"நீங்க எப்ப ஊத்தினீங்க?"

"எப்ப ஊத்தல? ரெண்டு வருஷமா, இவன் பெட்ரோல் போட்ட அன்னிக்கு சாயங்காலம் வண்டி என் கைக்கு வந்தா ஊத்துறேன். முந்தின ஷிப்டுக்காரன் ஊத்துனானா இல்லியான்னு எனக்கு இன்னா தெரியும்? கேஜ் ஓட்டும்போது, எவன் வந்து எண்ணெ போட்டாச்சுன்னு சொன்னாலும், என் கையால போட்டுட்டுத்தான் லீவரத் தொடுவேன். கீழ நாப்பது பேரு தொங்கினு இருப்பான். அவன் சொன்னான்னு விட முடியுமா?"

"இதுல யாரு தொங்கினு இருக்கான்?" என்று லாய்டு கத்தினார்.

"பயக்கம்டா."

"அப்போ இன்னிக்கு ஏன் வுட்டீங்க?"

"நாகேஷு எஞ்சின் பொய் சொல்லாதுன்னான். எனக்கு மனசு கேக்கல. நம்மாலதான் டெய்சி பெங்களூர் போறான்னு நெனச்சேன்." கிளமெண்ட் குரல் கட்டைக் குரலிலிருந்து இன்னும் கீழே இறங்கியது. "அதான் தொடல."

ஆக, இத்தனை நாளும் ஒரு டேங்குக்கு மூன்று பேர் மூன்று அளவு. இன்றைக்கு மூன்று பேரும் ஒரே நாளில் திருந்தி, ஒரு சொட்டுகூட இல்லை. ராதிகாவின் கம்ப்யூட்டர் மெச்சிக்கொண்ட அந்தச் சுத்தமான புகை, எண்ணெயே இல்லாத எஞ்சினின் புகை.

டெய்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அடக்க முடியாமல் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். ஒரு மணிக்குள் போகாவிட்டால் ஒன்பதாவது மாடிக் கட்டில்தான் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"தண்ணி ஊத்தி ஆறவச்சா?" என்று கிளமெண்ட் ஆரம்பித்தார்.

"கொதிக்கிற இரும்புல தண்ணி ஊத்தாதீங்க மாமா, வெடிச்சிரும். தானா ஆறட்டும். யாரும் தொடாதீங்க." நோயாளியின் உறவினர்களை வார்டுக்கு வெளியே நிறுத்துகிற குரல் அது. இரண்டு பேரும் ஒதுங்கினார்கள்.

எஞ்சின் ஆறியது. டெய்சி அடிக்கடி போய்ப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், கிக்கரை மிதிக்காமல், கையால் மெல்ல அழுத்தினாள். நகரவில்லை. இன்னொரு முறை. நூலளவு நகர்ந்தது. பிறகு, பிடிவாதக்காரக் குழந்தை வாயைத் திறப்பதுபோல, விட்டுக்கொடுத்து இறங்கியது. உள்ளே எதுவும் உடையவில்லை.

"எண்ணெ ஊத்தணும்" என்றாள் டெய்சி.

மூன்று கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. டெய்சியின் கையில் ஊசிப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில். லாய்டு கால்சட்டைப் பையிலிருந்து ஒன்று. கிளமெண்ட், பாட்டுப் புத்தகம் வைக்கும் தோள்பையிலிருந்து ஒன்று. மூன்றும் ஒரே கடையில் வாங்கியவை என்பது மூடியைப் பார்த்தாலே தெரிந்தது. கடைக்காரர் இந்தக் குடும்பத்தில் எத்தனை வண்டி என்று யோசித்திருப்பார்.

"நான் ஊத்துறேன்" என்றார் லாய்டு. "எனக்கு அளவு தெரியும்."

"நீ ஊத்தி நாங்க பாத்தது போதும்" என்றார் கிளமெண்ட்.

டெய்சி சீட்டைத் தூக்கினாள். "ரெண்டு பேரும் வந்து எதிர்ல நில்லுங்க. கண்ண தொறந்து பாருங்க." அளவு மூடியை நிரப்பி, அவர்கள் முகத்துக்கு நேரே காட்டி, டேங்கில் கவிழ்த்தாள். "ஊத்தியாச்சு. சொல்லுங்க."

"ஊத்தியாச்சு" என்றார் லாய்டு.

கிளமெண்ட் தயங்கினார். கை தானாகத் தன் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

"மாமா."

"ஊத்தியாச்சு" என்றார், கோயில் பிராகாரத்தில் பூனை கத்துவதுபோல ஒரு குரலில்.

எண்ணெய் பெட்ரோலோடு கலப்பதற்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஸ்கூட்டரைத் தொட்டில் மாதிரி ஆட்டினார்கள். அந்த வழியாகப் போன பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. டெய்சி மிதித்தாள். இருமியது. மறுபடி மிதித்தாள். கிளம்பியது. சைலன்சரில் லேசாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, நீலமாக ஒரு இழை வந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார். டெய்சி வண்டியை நேராக அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே சான்றிதழை நீட்டினாள். அணைத்தால் மறுபடி எழுமோ எழாதோ என்ற பயம் அவளுக்கு. அவர் டப்பாவை வைத்துவிட்டு, சான்றிதழைப் படித்தார், குனிந்து சைலன்சரைப் பார்த்தார், சேசிஸ் நம்பரை ஒரு துணியால் துடைத்துச் சரிபார்த்தார்.

"இத யாரு ஓட்றது?" என்று லாய்டைக் கேட்டார்.

"அவங்கதான் சார்."

அவர் டெய்சியை நிமிர்ந்து பார்த்தார். "ஸ்கெலட்டன் சிஸ்டரா? எங்க மாமியாருக்கு நீங்கதானே கட்டு மாத்துறீங்க? வெங்கடம்மா. நந்திதுர்க்."

"ஆமா சார். இன்னிக்கு இன்னும் போவல."

"காலைல இருந்து எனக்கு மூணு போன் வந்துருச்சு, சிஸ்டர் ஏன் வரலன்னு" என்றார் அவர். வண்டியை இன்னொரு முறை முழுவதும் சுற்றி வந்து, ஹாரனை அமுக்கி, விளக்கைப் போட்டுப் பார்த்தார். மாமியார் விஷயம் வேறு, ஹாரன் விஷயம் வேறு என்று இருக்கிற ஆள். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். "அஞ்சு வருஷம். முதல்ல நந்திதுர்க் போங்க."

டெய்சி அன்றைக்கு எல்லா வீட்டுக்கும் பிந்திப் போனாள். எல்லா வீட்டிலும் திட்டு வாங்கினாள். திட்டு வாங்குவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் சீட்டின் பூட்டுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துக் கோத்துக்கொண்டாள். இனிமேல் பெட்ரோல் போடுவதென்றாலும் எண்ணெய் ஊற்றுவதென்றாலும் அவளைக் கேட்டுத்தான் டேங்கைத் திறக்க முடியும். இதை எதிர்த்து லாய்டும் கிளமெண்டும் ஒன்றாக முறையிட்டார்கள். அந்த அண்ணன் தம்பி ஒரே கட்சியில் நின்றது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஜெயகரனிடமிருந்து போன் வந்தது. டெய்சி விஷயத்தைச் சொன்னாள். மேட்டில் நின்றதை மட்டும் விட்டுவிட்டாள்.

"அஞ்சு வருஷமா" என்றான்.

"அஞ்சு வருஷம்."

"சரி மம்மி. சந்தோஷம்." அவன் சந்தோஷப்படவில்லை என்பது குரலில் தெரிந்தது. கட்டிலை சன்னலோரத்தில் போட்டுப் படமெடுத்த பிள்ளை. டெய்சிக்கு மனது இளகியது.

"கிறிஸ்மஸ் முடிஞ்சி ஒரு வாரம் வந்து இருக்கேன்டா. அதே கட்டில்ல படுக்கிறேன்."

"நெஜமா?"

"நெஜமா. ஊசிக்கு வேற சிஸ்டர ஏற்பாடு பண்ணிட்டு வரேன்."

"புகை நின்னுருச்சா மம்மி, வண்டியில?"

"கொஞ்சமா வருது. அது வரணும்."

"கிறிஸ்மஸ் வரிக்கும் கட்டிலு சும்மா கெடக்கும்."

டெய்சி சன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே கிளமெண்ட், பூட்டிய சீட்டுக்குப் பக்கத்தில் பாட்டிலோடு நின்று, ஒரு சொட்டாவது உள்ளே விட வழி உண்டா என்று நான்கு பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பாவ அனுப்பட்டா?" என்றாள்.

"வேணாம் மம்மி" என்றான் ஜெயகரன். "கெடக்கட்டும்."